வெங்காய லாரியின் கடைசி அத்தியாயம்

டிசம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. நூம்பல் ரோட்டில் சேறு கணுக்கால் வரைதான், அந்த மட்டில் சந்தோஷம். கார்மென்ட் கம்பெனி வேன் தாமதம்.

ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் பாபு அண்ணா ஒரு யோசனை சொன்னார். "யக்கா, வருசம் முடியப்போவுது. இந்த வருசம் நீ சொன்ன கதைல எது டாப்புன்னு ஓட்டு போட்டுப் பாக்கலாமா?" பாரிவாக்கத்தில் ஏறுகிறவர்கள் முன்பே பேசி வைத்துவிட்டார்கள் போல. எல்லாருக்கும் உடனே சம்மதம்.

நினைத்தால் சிரிப்பு. ஜனவரியில் நான் வேனில் நாவலை விரித்ததே யாரும் என்னிடம் பேசக்கூடாது என்றுதான். சம்பளக் கணக்குப் பார்க்கிறவள் வேனில் ஏறினால் அம்பத்தூர் எஸ்டேட் வரும்வரை லீவு, ஓவர்டைம், பி.எஃப். என்று பிய்த்துவிடுவார்கள். நாவல் ஒரு கேடயம். நாலாவது நாளே பக்கத்து சீட் கஸ்தூரி அக்கா (செக்கிங் பிரிவு, என்னைவிடப் பத்து வயது பெரியவர்) கேட்டார்: "அப்பிடி இன்னாதான் கீது அதுல? ஒனக்குள்ளயே சிரிச்சிகினு வர?" சொன்னேன். மறுநாள் ஏறும்போதே, "அப்பால இன்னா ஆச்சு?" அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. கதை நல்ல கட்டத்தில் இருந்தால் வானகரம் சிக்னலில் பச்சை விழுந்தும் பாபு அண்ணா வண்டியை எடுக்கமாட்டார். பின்னால் ஒரே ஹாரன்.

வாங்க வேண்டியது: வெந்தயம், குக்கர் கேஸ்கட். தென்காசிக்கு போன் போட்டு அம்மாவிடம் பேச வேண்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

ஓட்டெடுப்புக்கு முன் என் சொந்தக் கணக்கு. இந்த வருடம் புதிதாகக் கண்டுபிடித்த நாவல்களில் மனதுக்குப் பிடித்தவை. தலைப்பு எழுதச் சோம்பல். வேனில் வைத்த பெயரே போதும்.

மலை போஸ்டாபீஸ். மொழிபெயர்ப்பு. மொத்த நாவலிலும் நடப்பது இவ்வளவுதான்: ஒருத்தி ஸ்டாம்ப் விற்கிறாள், மழை பெய்கிறது, மேல் அதிகாரி வருகிறேன் என்கிறார், வரவில்லை. எனக்கு உயிர். வேனில் சொன்னபோது தையல் பிரிவு ஜெனிஃபர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அண்ணன் தம்பி மோட்டார். ஒரு கிணறு, ஒரு மோட்டார், இரண்டு வீடு. அண்ணன் கட்சி வலப்பக்க சீட், தம்பி கட்சி இடப்பக்க சீட். ஒரு வாரம் இரண்டு கட்சிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் நடுவில் நின்றுகொண்டே போனேன்.

ஊட்டி லாட்ஜ் கொலை. கொலைகாரன் யார் என்று பாபு அண்ணா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இரண்டாம் நாள் சொல்லிவிட்டார். முகத்தில் காட்டாமலிருக்க நான் பட்ட பாடு.

நாலு தலைமுறை. குண்டு நாவல். பேரன்கள் எல்லாருக்கும் தாத்தா பெயர். வேன் பாதியில் கைவிட்டது, நான் விடவில்லை. கடைசிப் பக்கங்களின்போது சாம்பார் அடிப்பிடித்தது. வீட்டுக்காரர் முரளி குறை சொல்லாமல் சாப்பிட்டார். நல்ல மனுஷன்.

வெங்காய லாரி. இதைப் பற்றி எழுத இன்று தைரியமில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

ஓட்டு முடிந்தது. வேலப்பன்சாவடி தாண்டி ஆரம்பித்து அயனம்பாக்கம் வருவதற்குள் முடிவு. கை தூக்குதல்தான். பாபு அண்ணாவும் ஒரு கையைத் தூக்கினார், எல்லாரும் சேர்ந்து திட்டினோம்.

வெங்காய லாரி அமோக வெற்றி. மலை போஸ்டாபீசுக்கு ஒரே ஓட்டு, என்னுடையது. அண்ணன் கட்சிக்காரர்கள்கூடக் கட்சி மாறிவிட்டார்கள்.

சரி, எழுதிவிடுகிறேன். வேலப்பன் லாரி டிரைவர். வெங்காய லோடோடு வடக்கே போய் வருகிறவன். மனைவி மரகதம் ரோட்டோரம் டீக்கடை. ஒவ்வொரு தடவையும் அவன் ஹாரனைக் கேட்டதும் சொம்பில் தண்ணீரோடு ஓடி வருவாள். கடைசி அத்தியாயத்தில் லாரி வந்து நிற்கிறது, ஹாரன் கேட்கிறது, மரகதம் ஓடி வருகிறாள், இறங்குவது கிளீனர். வேலப்பன் வழியில் காய்ச்சலில் செத்துப் போயிருக்கிறான். படித்த அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதை வேனில் சொல்ல வேண்டிய வாரம், ஜூலையில், கஸ்தூரி அக்காவின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணன் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில். அக்கா ராத்திரி அங்கே, பகலில் வேலை. கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. அந்த முகத்தோடு, "வேலப்பன் வந்தானா சுதா?" என்று கேட்டார்.

வந்தான் என்று சொல்லிவிட்டேன். தாடியோடு இறங்கினான், "தண்ணி குடு"ன்னு கேட்டான் என்றேன். அக்கா பெருமூச்சு விட்டு டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு இட்லி சாப்பிட்டார். அந்த இட்லிக்காக இன்னொரு தடவைகூடப் பொய் சொல்வேன். அண்ணனும் அந்த வாரமே சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆக, இந்த வருடம் வேனில் ஜெயித்த நாவலின் முடிவு நான் விட்ட கதை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இறங்கும்போது கஸ்தூரி அக்கா: "அந்த புக்கக் குடு. எட்டாங்கிளாசுக்கு அப்பால நான் எந்த புக்கும் தொட்டதில்ல. இத்த நானே படிக்கப் போறேன்."

டிசம்பர் 13, சனி

முரளியிடம் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழிச்சிட்டுக் கொடு" என்றார். நாவலே படிக்காதவரிடம் யோசனை கேட்டால் இப்படித்தான்.

யோசித்த பொய்கள்: புத்தகம் தோழியிடம் இருக்கிறது. கரையான் அரித்துவிட்டது. மலை போஸ்டாபீஸ் இன்னும் நன்றாக இருக்கும். மூன்றும் அக்காவிடம் எடுபடாது.

பயம் எதற்கு என்று எனக்கே தெளிவாகத் தெரிகிறது. முதன்முதலாக ஒரு நாவலைத் தொடப்போகிறவர் அதன் கடைசிப் பக்கத்தில் என் பொய்யைப் பார்ப்பார். அப்புறம் நாவலும் வேண்டாம், சுதாவும் வேண்டாம் என்றால்? நூம்பலுக்குக் குடிவந்த மூன்று வருடத்தில் எனக்கென்று கிடைத்த ஆள் கஸ்தூரி அக்கா ஒருத்தர்தான். அந்தப் பக்கத்து சீட் போனால் தாங்கமாட்டேன்.

இட்லி மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க. துடைத்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

கொடுத்துவிட்டேன். அக்கா புத்தகத்தை முகர்ந்து பார்த்தார். மதியம் போய்ப் பார்த்தால் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு முடித்திருந்தார். சாமி படம் உள்பக்கம்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இன்னா?" என்றார். "மழை வரும்போல இருக்கு" என்றேன். சுள்ளென்று வெயில்.

டிசம்பர் 18, வியாழன்

மார்கழிப் பனி. தொண்டை கரகரப்பு. மிளகு ரசம்.

அக்கா இருபதாம் பக்கம். வேனில் இப்போது கேள்வி கேட்பது நான். "மொதல்ல ஒரு பக்கத்துக்கே முட்டிகினு நின்னேன் சுதா. இப்போ சல்லுன்னு போவுது. அந்த மரகதம் டீ ஆத்துறத எழுதிக்கீறான் பாரு, எனுக்கு டீ வாசனையே வந்துச்சு." இதைக் கேட்டதும் மனசுக்குள் ஒரு துள்ளல். இதே வரிகளை நான் வேனில் வெட்டிவிட்டு ஓடினேன், கதை நகரவில்லையே என்று.

அடுத்து ஒன்று சொன்னார். "தனியா படிச்சா தூக்கம் வருது. அதான் சத்தமா படிக்கிறேன். அவரு கீரை ஆஞ்சிகினே கேக்குறாரு."

அவரு என்றால் ஏகாம்பரம் அண்ணன். நெஞ்சுவலிக்காரர்.

டிசம்பர் 22, திங்கள்

புத்தகத்தைத் திரும்ப வாங்க முயற்சி. என் தோழி அவசரமாகக் கேட்கிறாள், ஊருக்குப் போகிறாள் என்றேன்.

"போய்ட்டு வரட்டும். முடிச்சிட்டுத்தான் தருவேன்."

"அவளுக்கு ரயிலுக்கு..."

"வேற புக்கே இல்லியா அவளாண்ட?" பாபு அண்ணா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "யக்கா பொய் சொல்லுது" என்றார். கொலைகாரனையே கண்டுபிடித்தவர்.

டிசம்பர் 24, புதன்

இன்று சொல்லியே தீருவது என்று போனேன். "அக்கா, அந்த முடிவு..." என்று ஆரம்பித்தேன். உடனே காதைப் பொத்திக்கொண்டார். "எனுக்குத்தான் தெரியுமே. வந்துடுவான். அந்த எடத்த என் கண்ணால படிக்கணும், நடுவுல வந்து கெடுக்காத."

ஜெனிஃபர் வீட்டு கேக் வேன் முழுக்க. முந்திரி தாராளம். இரண்டு துண்டு சாப்பிட்டும் ருசி மனதில் ஏறவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

லீவு. பூந்தமல்லி போனோம். கேஸ்கட் ஒருவழியாக வாங்கியாயிற்று. முரளிக்குச் செருப்பு.

மார்க்கெட் வாசலில் தன் கீரைக்கடையில் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார் ஏகாம்பரம் அண்ணன். ஆள் நன்றாகத் தேறியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "கதை சொல்ற பொண்ணு நீதான? ஆஸ்பத்திரில வலிச்சிகினு படுத்துகினு கீறேன், எங்க ஊட்டம்மா வந்து காதுல சொல்லுது, லாரிக்காரன் ஊடு வந்து சேந்துட்டான்னு. நானும் வந்துடுவேன்னு அன்னைக்கே தோணிப்போச்சு. இப்போ அந்த எடத்துக்குத்தான் காத்துகினு கீறேன்." காசு வாங்க மறுத்து இரண்டு கட்டு முருங்கைக்கீரை கையில் திணித்தார்.

திரும்பும் வழியில் முரளி பைக்கை ஓட்டியபடி, "கிழிச்சிட்டே கொடுத்திருக்கலாம்" என்றார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

கஸ்தூரி அக்கா முன் சீட்டில், பாபு அண்ணா பக்கத்தில். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படித்துவிட்டார்.

புதுக் கதை ஒன்று ஆரம்பித்தேன், நாக்கு குழறியது. யாரும் "அப்பால?" கேட்கவில்லை. ஜெனிஃபர் ரகசியமாக, "என்னக்கா சண்டையா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

மதியம் தயிர் சாதம். பாதி அப்படியே.

டிசம்பர் 30, செவ்வாய்

அதே முன் சீட். நேரில் போய் மன்னிப்புக் கேட்க செக்கிங் பிரிவுக்குப் போனேன். சட்டை ஒன்றை விரித்து நூல் வெட்டிக்கொண்டிருந்தார். "வேல கீது" என்றார். அவ்வளவுதான்.

முரளி கடையிலிருந்து பரோட்டா வாங்கி வந்தார், நான் கேட்காமலே. அழுகை வந்தது. அழுதேன். பிறகு இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

டிசம்பர் 31, புதன்

பனி, பிறகு நல்ல வெயில்.

வேனில் ஏறினால் பழைய சீட்டில் கஸ்தூரி அக்கா. மடியில் மஞ்சள் பை, பையில் புத்தகம். நான் உட்காரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம முடிச்சிட்டேன். அவன் செத்துட்டான்."

அவர் மடியிலிருந்த பையைப் பார்த்தேன்.

"தாடியோட வந்தான், தண்ணி கேட்டான்னு சொன்னியே. அந்த புக்குல அப்பிடி ஒரு வார்த்த இல்ல. பக்கத்தத் தள்ளித் தள்ளித் தேடுனேன்."

"அக்கா, அன்னைக்கு அண்ணன் ஆஸ்பத்திரில..."

"தெரியுது. தெரிஞ்சும் கோவந்தான். இவ என்னை இன்னா கொழந்தன்னு நெனச்சாளான்னு. ரெண்டு நாளா ஒன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல."

வானகரம் சிக்னல். வேன் நின்றது. பாபு அண்ணா ரேடியோவைக் குறைத்துவிட்டார், காது முழுக்க எங்கள் பக்கம்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் அவரு கட்டில்ல சாஞ்சிகினு கேக்குறாரு. நான் படிச்சிகினே வரேன். லாரி வந்து நிக்குது. ஹாரன் அடிக்குது. மரகதம் சொம்போட ஓடியாறா. அடுத்த வரி என் கண்ணுல பட்டுச்சு. கிளீனர் எறங்குறான்னு. அதுக்குள்ள அவரு எழுந்து குந்திகினு, 'வந்துட்டான் பாரு'ங்கிறாரு. மூஞ்சில அப்பிடி ஒரு சிரிப்பு. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

"என்னக்கா பண்ணீங்க?"

"கண்ணு புக்குல. வாயில ஒன் கதை. தாடி, தண்ணி, அப்பிடியே. கொஞ்சம் சேத்தும் வுட்டேன். பொடவ ஒண்ணு வாங்கியாந்தான்னு."

"என்ன கலர்?" என்றார் பாபு அண்ணா.

"பச்ச. நீ ரோட்டப் பாரு."

வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர். அக்கா என் கையில் ஒரு கிள்ளு கிள்ளினார், நிஜமாகவே வலித்தது. அவர் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அன்று ராத்திரி தனியாக உட்கார்ந்து நிஜ முடிவை இன்னொரு தரம் படித்ததாகச் சொன்னார். "செத்ததையும் நல்லாத்தான் எழுதிக்கீறான் அந்த புக்கு எழுதுன ஆளு. ஆனா அவராண்ட படிக்க என்னால முடியாது."

புத்தகத்தை என் மடியில் வைத்தார். வீட்டில் இருந்தால் அண்ணன் எடுத்துப் படித்துவிடுவாராம், பத்தாவது வரை படித்தவராம்.

"வேற ஒண்ணு குடு சுதா."

"யாரும் சாகாத கதையாப் பார்த்துத் தரேன் அக்கா. மலை போஸ்டாபீஸ் தரட்டுமா?"

"செத்தா சாவட்டும். எவன் சாவுறான்னு மட்டும் மொதல்லயே சொல்லிடு. அவராண்ட படிக்கறப்போ நான் ரெடியா இருக்கணும்."