ஏறாத ஆறு

கட்டுகஸ்தோட்டை,
மாசி, வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி சுமனுக்கு,

அக்கா நிஷாந்தி எழுதுவது. கத்தாரில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுத் தொடங்குகிறேன். எங்கள் வீடு சின்னது, அப்பா எந்நேரமும் பக்கத்திலேயே இருக்கிறார். போனில் இதைப் பேச முடியாது. அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் உன் கூட்டாளி முஹ்ஸினிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு கம்பளை வீட்டில் சுவர் மட்டும்தான் மிச்சம். உன் மச்சான் போய்ச் சேற்றை வாரிப் பார்த்தார். அம்மாவின் சாமான் ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மாவும் கிடைக்கவில்லை.

அப்பாவிடம் மிஞ்சியது அந்தப் படம்தான். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து பங்களாவில் அவர் சமையல் வேலை பார்த்தபோது துரை கொடுத்துவிட்டுப் போனது. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தது என்பார். விடிகிற நேரம், பனி, ஆளில்லாத ஆற்றங்கரை. வெள்ளம் வாசலுக்கு வந்தபோது அம்மாதான் அதைக் கழற்றி அவரிடம் நீட்டி, "இதப் புடிங்க, ஆட்ட அவுத்து விட்டுட்டு வந்துர்றேன்" என்று பின்பக்கம் போனாராம்.

இங்கே வந்ததிலிருந்து அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தே இருந்தார். சோறு ஆறிப்போகும். எனக்குத் தாங்கவில்லை. போன கிழமை படத்தை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை பாயில் ஆள் இல்லை. ஓட்டோ ஓட்டும் பவாஸ்தான், கம்பளையிலிருந்து இறங்கி வரும் அதே ஆற்றின் பாலத்தடியிலிருந்து கூட்டி வந்தார். அப்பா இடுப்புவரை நனைந்திருந்தார். "ஐயா தண்ணிக்குள்ள எறங்கி நின்டார். தனிய உடாதீங்க அக்கா" என்றார் பவாஸ்.

உடனே படத்தை மாட்டிவிட்டேன். ஏன் போனீங்க என்று அப்பாவிடம் கேட்டேன். "இந்தப் படத்து ஆறு ஏறாது புள்ள. இதப் பாத்துக்கிட்டு இருந்தா ஒங்கம்மா போகலன்னு இருக்கும்" என்றார்.

கருமாதிப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். மகன் சொன்னால் கேட்பார் என்கிறார்கள். நீயோ அம்மா பேச்சு வந்தாலே போனை வைத்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை, தம்பி. நான் மட்டும் என்ன? கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். பெற்ற அப்பாவைப் பூட்டி வைக்கிறேன்.

லீவு தர மாட்டார்கள் என்று சொல்லாதே, கேட்டுப் பார். சாமான் ஒன்றும் வாங்கி வர வேண்டாம். வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை அழு. அவர் இன்னும் அழவில்லை.

சாமி உன்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

நீ அழுதால் அவரும் அழுதுவிடுவார் என்று நம்பியிருக்கும்,
உன் அக்கா
நிஷாந்தி