எங்கள் கப்பலில் பீரங்கி இல்லை

அரக்காஜு, பிரேசில்,
ஆகஸ்ட் 1942

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் ஆசியைக் கேட்டு மகன் அடெமார் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? எங்கள் கப்பல் மூழ்கிய செய்தி வந்திருக்கும். பயப்படாதீர்கள், நான் நன்றாக நனைந்தேன், அவ்வளவுதான்.

அது பயணிகள் கப்பல் அம்மா. பீரங்கி கிடையாது. பிரேசில் அப்போது யார் போரிலும் சேரவுமில்லை. சமையலறையில் வேலையாக நின்ற என்னிடம் செலினா என்ற பெண் கைக்குழந்தையோடு வந்தாள். "அண்ணே, கொஞ்சம் பால் சுட வச்சுத் தாங்க" என்றாள். நான் அடுப்பில் வைப்பதற்குள் ஜெர்மன் நீர்மூழ்கியின் குண்டு எங்கள் கப்பலைப் பிளந்துவிட்டது. கரை சேர்ந்தவர்களிடையே தேடினேன். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

பிறகு இங்கே சதுக்கத்தில் ஊரே திரண்டு, போர் வேண்டும் என்று கத்தியது. அங்கே நின்ற ஒரு மருந்துக்கடைக்காரர் மட்டும், "ஐரோப்பாக்காரன் சண்டை, நமக்கெதுக்குப்பா?" என்றார். போன மாதம் வரை நானும் அதைத்தான் சொன்னேன்.

"பால் கேட்டு வந்தவளுக்கு அந்தச் சண்டையில என்னங்க பங்கு? ஒதுங்கி நின்னவங்களைத்தானே கொன்னிருக்கான்! இன்னும் எவ்வளவு ஒதுங்கணும்?" என்று கத்திவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

நேற்று அரசாங்கம் போரை அறிவித்துவிட்டது. நான் கடற்படைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கோபிக்காதீர்கள்.

ஒரு ஜோடி செருப்பு அனுப்புங்கள். கொஞ்சம் மரவள்ளி மாவும் வையுங்கள். தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். இங்கே எல்லோரும் என்னைப் 'பிழைச்சவன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதில் போடும்போது என் பெயரை முழுதாக எழுதுங்கள் அம்மா.

அடெமார்