மோர் தெளித்த பாதி

என் பிரியமான பாவா,

போன இடத்தில் மிளகாய்க் கொல்லை இருக்கிறதா? இருந்தால் அங்கேயும் புளித்த மோரோடுதான் அலைந்துகொண்டிருப்பீர்கள்.

"இலைச் சுருட்டைக்கு மோர்தான்டா மச்சான்" என்பீர்கள். "மனுஷன் குடிக்கிறதைச் செடிக்கு ஊத்திகினு சுத்தறாரு பாரு" என்று நான் பள்ளிப்பட்டு வரைக்கும் சொல்லிச் சிரிப்பேன். நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மனைவி, என் அக்கா, கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவர் சொன்னது நெசமாடா?" எட்டாம் வகுப்புக் கணக்கில் கரையேறாத நான் என்ன சொல்வேன்?

உங்கள் மருமகள், என் மகள் சுகுணாவிடம் கேட்டேன். "பொண்ணு ரயிலேறிப் போய்ப் படிக்கட்டும்" என்று என்னோடு சண்டை போட்டு அனுப்பினீர்களே, அவள் இப்போது சென்னையில் புள்ளியியல் படிக்கிறாள். சொந்தக்காரர்களின் கொல்லைகளை இரண்டிரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மோர் தெளிக்கச் சொன்னாள். பறித்த மிளகாயைத் தனித்தனியாக நிறுத்தோம். மோர் பாதிதான் கனம்! துள்ளினேன்.

"எந்தப் பாதிக்கு நைனா அடிச்சீங்க?"

"எல்லாக் கொல்லையிலும் ஈசானி மூலைப் பக்கம்தான். நல்ல காரியம் அங்கதானே ஆரம்பிக்கணும்?"

தலையில் அடித்துக்கொண்டாள். "கெணத்தையும் அங்கதானே வெட்டி வச்சிருக்கீங்க! ஜெயிச்சது மோரா, தண்ணியா?"

அந்தப் போகம் வீண். அடுத்த போகத்தில், ஒவ்வொரு கொல்லையிலும் எந்தப் பாதிக்கு மோர் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்தோம்.

மறுபடியும் மோர் பாதிதான் கனம். அப்படி எடை வந்த பிறகும் அவள் விடவில்லை. மோரால் ஒன்றும் ஆகாதென்றால், ஒவ்வொரு கொல்லையின் இரண்டு எடைகளையும் இடம் மாற்றிப் போட்டாலும் ஒன்றுதானாம். அப்படி மாற்றி மாற்றிக் கூட்டினால், நமக்கு வந்த வித்தியாசம் தற்செயலாகவும் வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். எல்லா விதமாகவும் மாற்றிப் பார்த்தால் மாளாது என்றாள்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"ஒரு சோறு பத்தாது நைனா. பானையைக் கிளறிட்டு அங்கங்க எடுக்கணும். வெந்தது தெளிவாத் தெரிஞ்சா நிறுத்திக்கலாம். சந்தேகமா இருந்தா இன்னும் கொஞ்சம் எடுக்கணும்."

"இதுக்கா காலேஜு? உங்கம்மா தெனமும் பண்றாளே!"

"ஆங், அதான் நீங்க ஒரு நாளும் அடுப்பங்கரைப் பக்கம் வர்றதில்ல."

சோறு வெந்துவிட்டது பாவா. கம்ப்யூட்டர் எடைகளை மாற்றி மாற்றிக் குலுக்கிப் போட்டதில், உங்கள் மோர் காட்டிய வித்தியாசத்தைத் தற்செயல் எட்டிப் பிடித்தது அபூர்வம். அக்காவிடம் போய், "நெசம்தான்க்கா" என்றேன். அவள் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்க மனம் வரவில்லை. கொல்லைக்கு எடுத்துப் போனேன்.

மோருக்கு ஒரு நன்றி. மகளை ரயிலேற்றியதற்கு எத்தனை நன்றி சொல்வது? இனி என் கொல்லைக்கு நானே தெளிப்பேன், பள்ளிப்பட்டே சிரித்தாலும்.

உங்களிடம் தோற்றதில் சந்தோஷப்படும்
மச்சான் ஏகாம்பரம்,
திருத்தணி