ஏசியில் உட்காருபவரின் சட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் மணிக்கட்டு வலி குறைந்ததா? அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாளா?

சனிக்கிழமை டீம் லீடர் அக்காவோடு துணிக்கடைக்குப் போனேன். வெயிலுக்கு லினன் சட்டைதான் சுகம் என்று அவர் சொன்னதும், நாள் முழுக்க இஸ்திரி வண்டியில் அனலோடு நிற்கும் உங்கள் நினைப்பு வந்தது. அப்பாவுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் காட்டியதெல்லாம் கசங்கியிருந்தது. "தேய்ச்சது இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"லினன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று சிரித்தவர், "அப்பா வெயில்ல நிக்கிறவரா, ஏசியில உக்கார்றவரா? அதுக்கேத்த துணி தரேன்" என்றார்.

அக்கா பக்கத்திலேயே நின்றார். "ஏசிதான்" என்று சொல்லிவிட்டேன், அப்பா.

"ஆபீசரா? சொல்லவே இல்லையே, அழுத்தக்காரி!" என்று அக்கா முதுகில் தட்டினார். நான் மறுக்கவில்லை.

கடைக்காரர் கெட்டித் துணியில் முழுக்கைச் சட்டை கொடுத்தார். பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். பார்க்கவே கூசுகிறது. கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் என் சுடிதாரில் ஒரு கசங்கல் இருந்ததில்லையே.

தனியாகப் போய், நீங்கள் செய்யும் வேலையைச் சொல்லி, மெல்லிய அரைக்கைச் சட்டையாக மாற்றி வாங்குவேன். அக்காவிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை. அளவையும் உத்தேசமாகத்தான் சொன்னேன். உங்கள் பழைய சட்டையை நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்புங்கள்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. இதைத் தங்கையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மூத்தவள்