உட்கார்ந்து பார்க்கும் வேலை

ஜனவரி 9, 2024
நீலாயதாட்சிக்கு மார்பில் புற்றுநோய். மில் முழுக்க அதே பேச்சு. வைத்தியத்துக்கு மதுரை போகிறாள். அவள் திரும்பும்வரை நூல் சோதிக்கும் மேசையில் என்னைப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை, பகல் ஷிப்ட் மட்டும். வீட்டுக்கு வந்து, மிஷின் முன்னால் நின்றே வீங்கும் காலைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கமே இல்லை.

ஜனவரி 28
மில் தொழிற்சங்கத்துப் பெண்கள் முறைவைத்து அவளுக்குத் துணைக்குப் போகிறார்கள். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது? "வராட்டா வேற ஆளப் போட்டுருவோம்" என்று சூப்பர்வைசர் போன் செய்தார். தையல் ஆறுமுன்னே மிஷின் முன்னால் நின்றேன். கேட்க ஒரு நாதி இல்லை. சங்கம் வம்பு என்று வீட்டுக்காரர் சொன்னதால் நான் சேரவும் இல்லை.

நோயாளியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். யாரிடம் சொல்வது இதை?

பிப்ரவரி 20
சூப்பர்வைசர் மேசைக்கே வந்து சொன்னார்: "நீலாவ வேலைய விட்டு எடுக்கப் போறாக. இனிமே இந்த எடம் ஒனக்குத்தான்."

சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான்.

பிப்ரவரி 23
மில் வாசலில் சங்கம் உட்கார்ந்துவிட்டது. செயலாளர் சேவுகப்பெருமாள் அண்ணன் மேனேஜரிடம் கத்தியது உள்ளே வரை கேட்டது. "இஎஸ்ஐ லீவுல வைத்தியம் பாக்குற ஆள எப்புடி எடுப்பீக? சட்டம் இருக்குல்ல!"

சாயங்காலம் மேனேஜர் இறங்கிவந்தார். இடம் அவளுக்கே.

வயிறு எரியுது எனக்கு.

ஆகஸ்ட் 5
வந்துவிட்டாள். தலையில் துணி கட்டியிருக்கிறாள். கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் பழைய மிஷினுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 14
கர்ப்பப்பை எடுத்துத் தையல் போட்ட இடத்தில் பந்துபோலப் புடைப்பு. சாப்பாட்டு நேரத்தில் நீலா கேட்டாள், "என்ன மாரி, வயித்தப் புடிச்சுக்கிட்டே நிக்கிற?"

வெடித்துவிட்டேன். "ஒனக்கென்ன, நோவு வந்தாலும் ராசாத்தி! தாங்குறதுக்கு ஊரே இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

அவள் கோபப்படவில்லை. "நீ சடையத் தூக்கி முன்னாடி போடுறப்பல்லாம் எனக்கும் பொறாமையாத்தான்டி இருக்கு" என்றாள். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, "சங்கத்து அண்ணன்கிட்ட பேசவா?"

ஆகஸ்ட் 16
சங்கத்தில் சேர்ந்தேன். வீட்டுக்காரர் சாப்பிடாமல் எழுந்துபோனார். போகட்டும்.

அக்டோபர் 3
குடலிறக்கமாம். ஆபரேஷன் செய்யவேண்டும். லீவு கேட்கப் போனபோது அண்ணனும் கூட வந்தார். "நல்லாகி வாங்கம்மா" என்கிறார் சூப்பர்வைசர். அம்மாவாம்!

அக்டோபர் 11
ஆபரேஷன் முடிந்தது. இன்று ஆஸ்பத்திரிக்கு நீலாவும் சங்கத்து ஈஸ்வரியும் கஞ்சி கொண்டுவந்தார்கள். நீலா எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். துணி இல்லாத அவள் தலையில் குட்டையாக முடி முளைத்திருக்கிறது.

பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க இரண்டு நாளாக யாரும் வரவில்லை. எங்கள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

அவர்கள் போனபிறகு, "எங்க வேல பாக்குறீக?" என்று கேட்டேன்.

"பிள்ளையார்பட்டியில. ஓட்டல்ல பாத்திரம் கழுவுறேன்."

"லீவு குடுத்துருக்காகளா?"

உதட்டைப் பிதுக்கினாள். மிச்சக் கஞ்சியை அவள் டம்ளரில் ஊற்றினேன்.

நாளை அண்ணன் வருவார். அவள் கட்டில் பக்கம் உட்காரச் சொல்லவேண்டும்.