அறுபத்தைந்து வாட் கொடுத்தும் எரியாத தராசு

அனுப்புநர்
பூ. அன்பரசி (வயது 44),
க/பெ பூவரசன்,
தக்காளி வியாபாரம்,
கொன்றைப்பட்டி கிராமம்,
காரிமங்கலம் வட்டம்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
எடையளவு ஆய்வு மேல் அலுவலர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: கொன்றைப்பட்டி வாரச்சந்தையில் 05.06.2025 அன்று கைப்பற்றப்பட்ட எனது எலக்ட்ரானிக் தராசு பழுதானதும் அல்ல, மோசடியானதும் அல்ல. பொருந்தாத வயரில் சோதிக்கப்பட்டது என்பதைத் தெரிவித்து, பொருந்தும் வயரில் மறுசோதனை செய்து திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

பார்வை: தராசு கைப்பற்றுதல் அறிக்கை, நாள் 05.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் பதினெட்டு வருடங்களாகக் கொன்றைப்பட்டி வியாழன் சந்தையில் தக்காளி விற்று வருகிறேன். தராசுக்கு வருடம் தவறாமல் முத்திரை வைக்கிறேன். இந்த வருடச் சான்றின் நகலை இணைத்துள்ளேன். இதுநாள்வரை எடை குறைகிறது என்று ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. தக்காளி அழுகல் என்று வந்திருக்கிறார்கள். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

2. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் அருண்குமார் இம்மாதம் முதல் தேதி ஊருக்கு வந்தபோது ஒரு புதுச் சார்ஜரும் வயரும் கொண்டுவந்தான். அந்த வயரின் இரண்டு முனையும் மாத்திரை போல உருண்ட ஒரே மாதிரி வாய், டைப்-சி என்கிறார்கள். "அம்மா, இது அறுவத்தஞ்சு வாட்டு. போனு, லேப்டாப்பு, உன் தராசு, வூட்டுல இருக்கற எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்" என்று கூறி, தராசுடன் வந்த பழைய சார்ஜரையும் வயரையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டான். அந்தப் பழைய சார்ஜர் பத்து வாட்தான். அதன் வயருக்கு ஒரு முனை தட்டை, மறுமுனைதான் உருண்டை. பெற்ற மகன் என்பதால் அவன்மீது இம்மனுவில் நடவடிக்கை எதுவும் கோரவில்லை.

3. நான்காம் தேதி பகல் முழுவதும் தராசை அந்தப் புது வயரில் மாட்டி வைத்தேன். விளக்கு எரிகிறதா என்று பார்க்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் சந்தையில் ஏழாவது ஆளுக்கு நிறுக்கும்போதே தராசு அணைந்துவிட்டது. வேறு வழியின்றித் தக்காளியைக் கூறு கட்டி விற்றேன். வெயில் படக்கூடாதே என்று தராசைக் கோணிக்கு அடியில் வைத்தேன். சொல்லி வைத்தாற்போல் எடையளவு ஆய்வாளர் அவர்கள் அப்போதுதான் வந்தார். கோணியைத் தூக்கிப் பார்த்து, "தராச ஒளிச்சு வெச்சிட்டுக் கூறு போட்டு விக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். சார்ஜ் இல்லை என்றேன். "மாட்டிக்கிட்டா எல்லாரும் சொல்றதுதான்" என்று கூறித் தராசை ஜீப்பில் ஏற்றினார்.

4. அன்று மாலை அலுவலகத்தில் என் முன்னிலையில் சோதனை நடந்தது. அங்கிருந்த லேப்டாப் சார்ஜரைத் தராசில் மாட்டினார்கள். என் மகன் கொண்டுவந்ததற்கு உடன்பிறந்தது என்று சொல்லத்தக்க, இருபுறமும் உருண்டை வாய் கொண்ட வயர் அது. அரை மணி நேரமாகியும் விளக்கு எரியவில்லை. "அறுபத்தைந்து வாட் மின்சாரம் செலுத்தியும் இயங்காததால், உட்பாகங்கள் முறைகேடாக மாற்றப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது" என்று அறிக்கையில் எழுதித் தராசைத் துணியில் கட்டி அரக்கு வைத்துவிட்டார்கள். அறுபத்தைந்துக்கே எரியாதது பத்துக்கு எரியுமா என்று அங்கிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஐயா, எரியும். அதைச் சொல்லத்தான் இந்த மனு.

5. எனக்குப் பக்கத்துக் கடையில் பூண்டு விற்கும் கலைமணியும் நானும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், ஒரே மாதிரித் தராசு வாங்கியவர்கள். அவருடைய தராசையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு, காரிமங்கலத்தில் செல்போன் பழுது பார்க்கும் கலைவாணனிடம் சென்றேன். அவர் என் கண்முன் சோதித்தார். என் மகனின் சார்ஜரிலும் வயரிலும் மாட்டினால் கலைமணியின் தராசும் எரியவில்லை. அதே வயரில் என் செல்போனை மாட்டினால் ஜம்மென்று சார்ஜ் ஏறுகிறது. கலைமணியின் தட்டைவாய்ச் சார்ஜரில் அதே தராசை மாட்டினால் அந்த நொடியே சிவப்பு விளக்கு வருகிறது. ஆக, தராசும் நல்லது, வயரும் நல்லது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தைதான் இல்லை.

6. காரணத்தைக் கலைவாணனிடம் கேட்டு, எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். தட்டைவாய்ச் சார்ஜர் யார் எவர் என்று கேட்காது. எப்போதும் ஐந்து வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். உருண்டைவாய்ச் சார்ஜர் அப்படியல்ல. மறுமுனையில் இருக்கும் சாதனம் தன்னை அடையாளம் காட்டும்வரை துளி மின்சாரமும் விடாது. காட்டிய பிறகுதான் எவ்வளவு வேண்டும், எவ்வளவு தரலாம் என்று இரண்டும் பேசி முடிவு செய்யும். அந்த அடையாளத்துக்காகச் சாதனத்தின் வாய்க்குள் கடுகைவிடச் சிறிய ரெசிஸ்டர் இருக்க வேண்டுமாம். "நம்ம தராசுல அத வெக்காமயே வுட்டுட்டாங்க அக்கா. தராசு வாயத் தொறக்காது, சார்ஜரு கையத் தொறக்காது" என்றார் கலைவாணன். ஆகவே என் தராசுக்கு அறுபத்தைந்து வாட் செலுத்தப்பட்டது என்பது தவறு. அரை வாட்கூடச் செலுத்தப்படவில்லை. தங்கள் அலுவலக வாசலில் நிற்கும் காவலர், "யாருங்க, என்னா விசயமா வந்தீங்க?" என்று கேட்கிறார். பதில் சொல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார். அதற்காக வெளியே நிற்பவள் செத்துப்போனவள் என்று யாரும் அறிக்கை எழுதுவதில்லை.

7. இன்னொன்றையும் பணிவுடன் தெரிவிக்கிறேன். படிக்கல்லுக்கு முத்திரை உண்டு, தராசுக்கு முத்திரை உண்டு, லிட்டர் படிக்கும் முத்திரை உண்டு. அவற்றைச் சோதிக்கும் வயருக்கு மட்டும் எந்த முத்திரையும் கிடையாது. வாய் பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டது என்று படித்தவர்களே நம்பும்போது, பத்தாவது படித்த நான் நம்பியது பெரிய குற்றமாகாது.

8. கடந்த 12ஆம் தேதிச் சந்தையில் கலைமணியின் தராசை இரவல் வாங்கித்தான் வியாபாரம் செய்தேன். பதினைந்து வருடமாக என்னிடம் மட்டுமே தக்காளி வாங்கும் ராமக்காள் இரண்டு கிலோ வாங்கினார். வாங்கியவர் நேராக எதிர்க்கடைக்குப் போய், அங்கே ஒருமுறை நிறுத்துப் பார்த்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "உம்மேல சந்தேகம்னு இல்ல கண்ணு, எதுக்கும் ஒருக்கா பாத்துக்கலாம்னுதான்" என்றார். எடை சரியாகவே இருந்தது. இருந்தும் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. தராசு போனதைக் காட்டிலும் அதுதான் வலிக்கிறது, ஐயா.

9. எனவே, நானும் ஆய்வாளர் அவர்களும் உடனிருக்க, அரக்கைப் பிரித்து, தராசைத் தட்டைவாய்ச் சார்ஜரில் இருபது நிமிடம் மாட்டிச் சோதிக்க வேண்டுகிறேன். இதற்காகக் கலைமணியின் சார்ஜரையும் வயரையும் இரவல் பெற்று இணைத்துள்ளேன். வியாழனுக்குள் அவருக்குத் திருப்பித் தர வேண்டும். விளக்கு எரிந்ததும் தங்கள் அலுவலகத்து ஒரு கிலோ படிக்கல்லைத் தட்டில் வைத்துப் பாருங்கள். எடை தப்பாகக் காட்டினால் தாராளமாக வழக்குப் போடுங்கள். நான் வக்கீல் வைக்கமாட்டேன். சரியாகக் காட்டினால், அறிக்கையில் உள்ள "முறைகேடாக" என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டுகிறேன்.

10. அதன் பிறகு, அலுவலகத்துக்கு என்னை வரவழைத்துத் தராசைக் கையில் கொடுத்து அனுப்பிவிட வேண்டாம். சந்தையே பார்க்க எடுத்துப் போனார்கள். வருகிற 19.06.2025 வியாழன் காலை பத்து மணிக்கு, கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்தில், ஆய்வாளர் அவர்களே அதைக் கொண்டுவந்து என் கடையில் வைக்குமாறு உத்தரவிட வேண்டுகிறேன். அவர் வருத்தம் தெரிவிக்கத் தேவையில்லை. அந்தத் தராசில் ஒரு கிலோ தக்காளி நிறுத்து வாங்கிக்கொண்டு, வேறெங்கும் நிறுத்துப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போனால் போதும்.

நாள்: 16.06.2025
இடம்: கொன்றைப்பட்டி

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
பூ. அன்பரசி