டைனமோ கட்டிலடியில் இருக்கிறது

ஸெனோன்,

பீட்ரூட் சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் குடி. இன்று கல்லறைத் திருநாள்; உன் அம்மா கல்லறைக்குச் சாமந்தி வாங்கப் போகிறேன். நாலு மணிக்குக் காரில் கிளம்பலாம்.

கோபிக்காதே. நேற்று நீ டாக்டரிடம் போனபோது, நான் சொல்லி, மெக்கானிக் ப்ரோனெக் காரின் டைனமோவைக் கழற்றி, எஞ்சின் மெதுவாக ஓடினாலும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டான்.

"மாமா தன் கையால கம்பி சுத்தின டைனமோ. என்னைக் கொன்னுடுவாரு அத்தை!" என்றான்.

"போன வருஷம் கல்லறை வாசல் கார் வரிசையில பேட்டரி செத்து, பூவும் கையுமா வந்தவங்க வண்டியைத் தள்ளினாங்களே. அப்ப யாரைக் கொன்னாரு?" என்றேன்.

மாட்டியதும், முகப்பு விளக்கு எரிய, வண்டி நின்றபடியே எஞ்சின் மட்டும் ஓட, மீட்டர் பதினாலு வோல்ட் காட்டியது. முன்பு பன்னிரண்டைத் தொடாது.

சாவி ஆணியில்.

யானினா

பி.கு. டைனமோவை எறியவில்லை. துண்டில் சுற்றி உன் கட்டிலடியில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: சிக்னலில் நின்றதும், பேட்டரி தீராதிருக்க விளக்கை அணைத்துப் பழகிய உன் கை தானாகப் போகும். இனி அதை என் கைமேல் வை.